உப்பு மூச்சு விட ஒரு துளை

ஜூன் 9

இன்று காலை வேல்கனியை அழைத்துக்கொண்டு சிப்பித்திடல் வந்து சேர்ந்தேன். ஊரே திரண்டு வந்து வரவேற்றது. பஸ் நின்ற இடத்தில் ஒரு டீக்கடையும் டீக்கடைக்காரரும் இரண்டு ஆடுகளும் இருந்தன. இந்த ஊருக்கு அது திரளான கூட்டம்தான். மற்றபடி சுற்றிலும் உப்பளம். வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை.

வேல்கனி என் அக்காள் மகள். பி.எஸ்ஸி. பிஸிக்ஸ், பி.எட். மூளை என் பக்கத்து மூளை. அவள் அப்பா மண்டு. செத்துப்போனவரைப் பற்றி அதற்கு மேல் பேசக் கூடாது. ஆசிரியர் யாரும் போக விரும்பாத பள்ளிக்கூடங்களுக்கென்றே கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைப் பழக்கி அனுப்புகிற ஒரு அறக்கட்டளை இவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒரு வருஷம் இங்கேயே பாடம் நடத்திக்கொண்டே பயிற்சி. அக்டோபரில் வெளியிலிருந்து ஆட்கள் வந்து ஒரு வகுப்பைப் பார்ப்பார்கள். தேறினால் பயிற்சி தொடரும், முடிவில் வேலை. தேறாவிட்டால் வீட்டுக்கு.

வீட்டுக்கு என்றால் என் வீட்டுக்கு. அக்காள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். தேறாவிட்டால் தை மாதம் என் மகன் சேர்மராஜுக்கும் அவளுக்கும் கல்யாணம். தேறிவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது, அவள் இஷ்டம். பெருந்தன்மையாக இதற்குச் சம்மதித்தவன் நான். வயசுப் பெண்ணைத் தனியே விட முடியாது என்று துணைக்கு வந்திருப்பவனும் நான்.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அற்புதராஜ் கும்பிட்டார்.

"சார் எங்கன வேல பாத்தீங்க?"

"காலேஜ்லதான். நான் இல்லாம பிரின்ஸிபாலே உள்ள வர முடியாது, பாத்துக்கிடுங்க."

இதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. காலேஜ் கேட்டின் சாவி என்னிடம்தான் இருந்தது. அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ, டீ வருவதற்குள் நான் "ரிட்டயர்ட் எச்.எம்." ஆகிவிட்டேன். மறுத்தால் அவர் மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டேன்.

வாடகை வீட்டுக்கு வந்ததும் வேல்கனி, "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"நான் எங்கட்டி சொன்னேன்? அவரா நெனச்சா நான் என்ன செய்ய?"

பெட்டியை இறக்கி வைத்தாள். "சரி. இனி மாத்திச் சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கம். விடுங்க."

வளர்ப்பு! காதுகுத்துக்கு என் மடியில் உட்கார்ந்த பிள்ளை. தாய்மாமனைச் சபையில் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

ஜூன் 11

நான் வைத்த சாளைமீன் குழம்பைப் பற்றி ஊர் முழுக்கப் பேச்சு. டீக்கடைக்காரர் மட்டும் இன்னும் சாப்பிடவில்லை.

ஜூன் 25

ஜன்னலோரம் நின்று வகுப்பைக் கவனித்தேன். ஏமாற்றம்தான். ஏழாம் வகுப்பு. நாலு வருஷமாக அறிவியலுக்கு ஆள் இல்லாமல் கிடந்த பிள்ளைகள். ஈரத்துணி வெயிலில் சீக்கிரம் காயுமா, காற்றில் சீக்கிரம் காயுமா என்று இவள் கேட்கிறாள். விடை சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. "ஒவ்வொருத்தரும் என்ன நெனக்கீங்கன்னு மொதல்ல சொல்லுங்க, பொறவு செஞ்சு பாப்போம்" என்கிறாள். ஒருவன் கண்டபடி உளறினான். "ஏன் அப்படி நெனக்க?" என்று அவனிடம் அக்கறையாகக் கேட்கிறாள்! தப்பாகச் சொன்னவனை உட்கார வைத்து உபசாரம்.

சாப்பிடும்போது சொன்னேன்: "தெரியலன்னா எங்கிட்ட கேளு. வெடையே சொல்லாத வாத்தியார நான் பாத்ததே இல்ல."

"வெடையச் சொல்லிட்டா அவுங்க யோசிக்கிறத நிப்பாட்டிருவாங்க மாமா. இங்க பழக்குறதே அதத்தான். சொல்லாம இருக்கப் பழகுறது."

சம்பளம் கொடுத்து வாயை மூடப் பழக்குகிறார்கள். நான் காலேஜில் இருந்த காலத்தில் இப்படிக் கேள்விப்பட்டதில்லை.

ஜூலை 16

வேல்கனி இன்று ஒரு வித்தை காட்டினாள். பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஊசியால் ஒரு துளை. தண்ணீர் நிறைத்து மூடியை இறுக்கினால் ஒரு சொட்டு விழவில்லை. மூடியைத் திறந்தால் ஒழுகுகிறது. மூடினால் நிற்கிறது. பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தின. காற்று மேலிருந்து அழுத்துகிறதாம், கீழிருந்தும் அழுத்துகிறதாம்.

எனக்கு இது சின்ன வயசிலேயே தெரியும். திருச்செந்தூர் திருவிழாவில் ஒரு வெள்ளைக்காரனுக்கு நானே செய்து காட்டியிருக்கிறேன். இருந்தாலும் வீட்டுக்கு வந்து ஒரு தடவை செய்து பார்த்தேன். ஒழுகவில்லை. திறந்தேன், ஒழுகியது. வேஷ்டி நனைந்தது.

ஆகஸ்ட் 6

அறக்கட்டளையிலிருந்து ரெஜினா மேடம் வந்திருந்தார். வேல்கனிக்கு வழிகாட்டி. கண்ணாடி, பருத்திச் சேலை, சிரிக்காத முகம். வகுப்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து என் கையால் காப்பி குடித்தார்.

சந்தனமாரி என்றொரு பிள்ளையைப் பற்றியே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். விடியும்போது அம்மாவோடு அளத்தில் உப்பு வாரிவிட்டு, பிந்தி பள்ளிக்கு வருகிற பிள்ளை. பாதமெல்லாம் வெடிப்பு. உப்புக்கால் என்று நான் பேர் வைத்தேன்; மற்ற பிள்ளைகளும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகின்றன, நல்ல சிரிப்பு. ஜூனில் வாயே திறக்காதவள் இப்போது கேள்வி கேட்கிறாளாம். இவர்களுக்கு அது ஒரு சாதனை.

கிளம்பும்போது ரெஜினா மேடம் வேல்கனியின் தோளைத் தொட்டுச் சொன்னார்: "அக்டோபருக்குப் பயப்படாத. பிள்ளைங்க தப்பாச் சொன்னாலும் சோதனை சொதப்பினாலும் பரவாயில்ல. நீ அத எப்படிக் கையாளுறன்னுதான் பாப்பாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் மன்னிக்க மாட்டாங்க. முன்னாடியே விடையச் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்க வச்சிருந்தா, அன்னைக்கோட முடிஞ்சுது."

"அதெல்லாம் செய்ய மாட்டேன் மேடம்" என்றாள் இவள்.

நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

ஆகஸ்ட் 24

சேர்மராஜ் போன் செய்தான். மொபைல் கடை வேலையை விட்டுவிட்டானாம். முதலாளிக்கு அவன் அருமை தெரியவில்லை. மூன்றாவது முதலாளி.

"யப்பா, அவ பாஸ் ஆயிருவான்னு அத்தையே சொல்லிட்டுத் திரியுதாவ. கூட்டாளிப் பயலுவ கேக்கானுவ, ஒன் மொறப்பொண்ணு ஒனக்கு டாட்டா காட்டிட்டாளாமேன்னு. நான் எங்கன போயி மூஞ்சியக் காட்ட?"

"ஏல, நான் இங்கன எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

துணைக்கு இருக்கிறேன் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன்.

செப்டம்பர் 7

தை மாத முகூர்த்தத்துக்கு மண்டபம் சொல்லி வைத்தேன். முன்ஜாக்கிரதை. தேறிவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மண்டபத்துக்காரர், "தேதி உறுதிதானே அண்ணாச்சி?" என்று கேட்டார். உறுதி என்றேன். பேச்சுக்கு அப்படித்தானே சொல்ல முடியும்?

செப்டம்பர் 19

சந்தனமாரி வேல்கனிக்கு ஒரு உப்புக்கட்டி கொண்டுவந்து கொடுத்தாளாம். கண்ணாடிபோல் சதுரம் சதுரமாக இருக்கிறது. இவள் அதை ஜன்னலில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். உப்புக்குப் போய்!

அக்டோபர் 5, ஞாயிறு

வெளியாட்கள் பதினைந்தாம் தேதி வருகிறார்கள். அன்றைக்குச் செய்யப்போகிற பாடத்தை வேல்கனி வீட்டில் ஒத்திகை பார்த்தாள்.

இரண்டு தட்டுத் தராசு. ஒரு தட்டில் தண்ணீர் நிறைந்த பாட்டிலும் பக்கத்தில் ஒரு பொட்டலம் உப்பும். மறு தட்டில் கூழாங்கல் போட்டு முள்ளை நேராக்கினாள். பிறகு பாட்டிலைத் திறந்து உப்பைக் கொட்டி, மூடிக் குலுக்கினாள். உப்பு கரைந்துபோயிற்று. வெறும் காகிதத்தோடு பாட்டிலைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"மாமா, இப்ப முள்ளு எந்தப் பக்கம் சாயும்?"

"உப்புதான் கரஞ்சுபோச்சே. எட கொறையும்."

"பாருங்க."

முள் அசையவில்லை. நேராக நின்றது. குனிந்து பார்த்தேன், மறுபக்கம் போய்ப் பார்த்தேன், தட்டைத் தட்டியும் பார்த்தேன். நேராகத்தான் நின்றது.

"கண்ணுக்குத் தெரியலன்னா இல்லாமப் போயிராது மாமா. பாதிப் பேரு கொறையும்பாங்க, பாதிப் பேரு கூடும்பாங்க. அளத்துப் பிள்ளைங்கதானே, யோசிச்சா அவுங்களே புடிச்சிருவாங்க. அதத்தான் வந்தவங்க பாக்கணும்."

முகம் அப்படி ஒரு பிரகாசம். அவள் அம்மா கல்யாணத்தில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. தேறிவிடுவாள் என்று எனக்கே தோன்றியது.

தராசு பழுது. இல்லாவிட்டால் முள் அசையாமல் இருக்குமா?

அக்டோபர் 8

வேல்கனி மூன்று நாள் பயிற்சி முகாமுக்காகத் தூத்துக்குடி போயிருக்கிறாள். வகுப்புக்கு ஆள் இல்லை. அற்புதராஜ் வந்து, "பெரிய சார், நீங்க செத்த பாத்துக்கிடுதீங்களா?" என்று கெஞ்சினார். காலில் விழாத குறை. போனேன்.

என்ன பிள்ளைகள்! நாலு மாதம் பாடம் நடத்தியும் ஒன்றுக்கும் ஒரு விடை மனப்பாடமாகத் தெரியவில்லை. கேட்டால், "செஞ்சு பாப்போமா சார்?" என்கின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மருமகள் மானம் போய்விடக் கூடாதே என்று அன்றே பயிற்சியை ஆரம்பித்தேன்.

"டீச்சர் உப்பக் கரச்சுட்டு என்ன ஆகும்னு கேப்பாவ. எல்லாரும் ஒரே குரல்ல என்ன சொல்லணும்? எட கொறையும்!"

"எட கொறையும்!"

ஜன்னல் அதிர்ந்தது. காலேஜில் பட்டமளிப்பு விழாவில்கூட அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

அந்த உப்புக்கால் மட்டும் எழுந்து நின்றாள்.

"கொறையாதுல்லா சார்?"

"யாரு சொன்னா?"

"பாத்தில தண்ணியப் பாய்ச்சிக் காயப்போட்டா உப்பு திரும்பி வருதுல்லா? எங்கனயும் போயிருந்தா எப்படித் திரும்பி வரும்? உள்ளதான சார் இருக்கு. அப்ப எடையும் இருக்கும்லா."

மற்ற பிள்ளைகள் திரும்பி அவளைப் பார்த்தன. பிறகு என்னைப் பார்த்தன. எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

வெளியே மைதானத்தில் சரளைக்கல்லின்மேல் முட்டி போட வைத்தேன். எடை குறையும் என்று சொன்னால் உள்ளே வரலாம். நல்ல வெயில். அற்புதராஜ் வராந்தாவில் நடந்து போனார், பார்த்தார், "பெரிய சார் ஒழுங்குன்னா ஒழுங்குதான்" என்று சொல்லிக்கொண்டே தன் அறைக்குள் போய்விட்டார். மத்தியானச் சோற்று மணி அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. பிடிவாதம். மற்றவர்களைச் சாப்பிட விட்டேன்.

அக்டோபர் 9

இன்றும் முட்டி. முட்டியில் நேற்றைய காயம் இருந்ததால் சீக்கிரம் அறிவு வந்துவிட்டது.

"எட கொறையும் சார்."

"ஏன் கொறையும்?"

"நீங்க சொன்னீங்க சார்."

இதுதான் விடை. எல்லாரையும் கைதட்டச் சொன்னேன்.

டீச்சரிடம் சொல்லக் கூடாது, சொன்னால் டீச்சருக்கு வேலை போய்விடும் என்றும் சொல்லி வைத்தேன். பிள்ளைகளுக்கு அவள்மேல் உயிர். ஒன்றுகூட வாயைத் திறக்காது.

அக்டோபர் 14

பாட்டிலைப் பற்றி யோசித்தேன். பிள்ளைகள் குறையும் என்று சொல்லி முள் நேராக நின்றால் எவ்வளவு கேவலம்? அந்தத் தராசுதான் பழுதாயிற்றே. உப்பு நன்றாகக் கரைய வேண்டுமென்றால் காற்று வேண்டும். மூச்சு முட்டக் கூடாது. ஆகவே பாட்டிலின் அடியில், ஓரமாக, ஊசியைச் சூடாக்கி ஒரே ஒரு துளை போட்டேன். தண்ணீர் நிறைத்து மூடியை இறுக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

"நாளைக்கு பாட்டில்ல தண்ணி புடிச்சு நானே கொண்டாந்து தாரேன்ட்டி. ஒனக்கு ஆயிரம் வேல இருக்கும்."

"தேங்க்ஸ் மாமா" என்றாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கண் கலங்கிவிட்டது எனக்கு. நான் அவளுக்கு எவ்வளவோ செய்திருக்கிறேன், ஆனால் காலைத் தொட்டது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 15

ரெஜினா மேடமும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். ஒருவர் நரைத்த தாடி, இன்னொருவர் பெரிய இடத்து அம்மாள்போல் இருந்தார். பின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் துளையின்மேல் விரலை வைத்துத் தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கி, துடைத்து, வேல்கனி கையில் கொடுத்துவிட்டு என் ஜன்னலோரம் வந்து நின்றேன்.

பாட்டிலையும் பொட்டலத்தையும் தட்டில் வைத்தாள். முள்ளை நேராக்கினாள். "இப்ப இந்த உப்பத் தண்ணில கரைக்கப்போறேன்" என்றாள். கேள்வியைக் கேட்கவே இல்லை. அதற்குள் வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது.

"எட கொறையும்!"

மணி அடித்தாற்போல் ஒரே குரல். என் பயிற்சி அப்படி.

வேல்கனி சிரிக்கப் பார்த்தாள். "நான் இன்னும் கேக்கவே இல்லையே. சரி, ஒவ்வொருத்தரா சொல்லுங்க. ஏன் கொறையும்?" ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனவள் சந்தனமாரியிடம் வந்ததும் தைரியம் வந்தவள்போல் ஆனாள். பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"மாரி, நீ என்ன நெனக்க?"

அந்தப் பிள்ளை ஜன்னல் பக்கம் என்னைப் பார்த்தது. பாவாடையை முட்டிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டது.

"எட கொறையும் டீச்சர்."

"ஏன்மா?"

"...கொறையும் டீச்சர். டீச்சருக்கு வேல போயிரக் கூடாது."

தாடிக்காரர் எழுதுவதை நிறுத்தினார்.

வேல்கனி மேசைக்கு வந்து பாட்டிலைத் திறந்து உப்பைக் கொட்டினாள். மூடினாள். குலுக்கினாள். தட்டில் வைத்தாள். தட்டு மேலே போயிற்று. பிள்ளைகள் பழக்கியபடி கைதட்டின.

இந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். இருக்கத் தெரியவில்லை. "இல்ல. இது தப்பு. இப்படி வரக் கூடாது" என்றாள் எல்லார் முன்னாலும். மேசையில் ஈரம். பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கினாள், மூடியைத் திறந்தாள். ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. இன்னொன்று. துடைக்காமல் அப்படியே நின்றாள்.

ரெஜினா மேடம் பிள்ளைகளைப் பார்த்து, "யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார்.

"பெரிய சாரு!"

கூப்பிட்டார்கள். போகாமல் இருக்க முடியுமா? சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். வாசலில் அற்புதராஜும், டீ கொண்டுவந்த டீக்கடைக்காரரும்.

"நீங்க யாரு?"

"கொம்பையா. ரிட்டயர்ட் எச்.எம். டீச்சரோட தாய்மாமா. அவ நடத்துற பாடம் ஒவ்வொண்ணும் என் பார்வைக்கு வந்துதான் வகுப்புக்கு வரும். இன்னைக்குப் பாடமும் நாங்க ரெண்டு பேரும் சேந்து பண்ணுனதுதான்."

மேடம் திரும்பினார். "வேல்கனி, உண்மையா? உங்க மாமா தலைமையாசிரியரா இருந்தவரா? உங்க பாடமெல்லாம் அவர் தயார் பண்றதா?"

வகுப்பே அவளைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அவள் என்னையும், வாசலில் நின்ற ஊர்க்காரர்களையும் பார்த்தாள். நெற்றி ஈரம் மூக்கு வழியாக இறங்கியது.

பேசவே இல்லை. விட்டுக்கொடுக்கவில்லை என்னை! என் வளர்ப்பை நினைத்து நெஞ்சு நிறைந்தது. தாடிக்காரர் காகிதங்களை மடித்து வைத்துவிட்டார்.

அக்டோபர் 16

தேறவில்லை. தகவல் வந்துவிட்டது. மாலை பஜ்ஜி போட்டேன். அவள் சாப்பிடவில்லை.

அக்டோபர் 20, தீபாவளி

வேல்கனி எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. நான் குளித்தேன்.

அக்டோபர் 24

ரெஜினா மேடம் போன் செய்தார். வேல்கனி எனக்கும் கேட்கும்படி போனை வைத்தாள். மேடத்துக்கு மனசு கேட்கவில்லையாம். உண்மையில் என்ன நடந்தது என்று உங்கள் மாமா தன் வாயால் சொன்னால் குழுவிடம் பேசி இன்னொரு வகுப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தார்.

வேல்கனி தரையில் என் எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா. நீங்க கேட்டதெல்லாம் செஞ்சேன். சபையில உங்கள விட்டுக்கொடுக்கல. இப்ப ஒரே ஒரு தடவ உள்ளத உள்ளபடி சொல்லுங்க. வேல்கனிக்கு இதுல ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"அதுக்கென்ன, சொல்லிருவோம்" என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் போன் வந்த நேரம் பார்த்து அற்புதராஜ் தீபாவளிப் பலகாரத்தோடு உள்ளே வந்து, "பெரிய சார் இல்லாம இந்தப் பள்ளிக்கூடமே இல்ல" என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முன்னால் நான் என்னவென்று சொல்ல?

"மேடம், வணக்கம். எச்.எம். கொம்பையா பேசுறேன். என் மருமக ரொம்ப நல்ல பொண்ணு. அவ மேல தப்பு இல்ல. பிள்ளைங்களப் பழக்கச் சொன்னா, பழக்குனேன். பாட்டில்ல ஓட்ட போடச் சொன்னா, போட்டேன். எல்லாம் தேறணும்கிற ஆசையில செஞ்சதுதான், நீங்க பெரிய மனசு பண்ணணும்."

நன்றாகத்தான் பேசினேன். அற்புதராஜ்கூடத் தலையாட்டினார். ஆனால் வேல்கனி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"பொய் மேடம்! அவுக எச்.எம். இல்ல. எட்டாங்கிளாஸ். காலேஜ்ல வாட்ச்மேன். நான் எதுவும் சொல்லச் சொல்லல."

பிறகு மேடம் மெதுவாகக் கேட்டார்: "நாலு மாசமா இது உனக்குத் தெரியும். அன்னைக்கு நேருக்கு நேரா கேட்டேன். ஏன் சொல்லல வேல்கனி?"

இவள் போனை வைத்துவிட்டாள்.

அற்புதராஜ் பலகாரத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொண்டவனை மூன்றாம் மனுஷன் முன்னால் வாட்ச்மேன் என்றாள். அக்காளுக்கு உடனே போன் செய்தேன். அழுதேன். பாதி நிஜமாகவே அழுகைதான். "ஒம் மக எம் மானத்தக் கப்பலேத்திட்டா. குடுத்த வாக்கையும் நீ மாத்தினா நான் உயிரோட இருந்து பிரயோஜனம் இல்ல" என்றேன். அக்காள் அந்தப் பக்கம் தலையிலடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

நான் பெரிய மனசுக்காரன். மன்னித்துவிட்டேன்.

அக்டோபர் 26

ஊரைக் காலி செய்தோம். பஸ் ஏறும்போது அந்தச் சந்தனமாரி அளத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தது. வேல்கனி கையை ஆட்டினாள். பிள்ளை கையை ஆட்டவில்லை, குனிந்து உப்பு வாரத் தொடங்கிவிட்டது. வேல்கனி கோவில்பட்டி வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே வந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரோடு எனக்கு நல்ல பேச்சு. அவரும் கல்வித்துறைதானாம். என்னை இணை இயக்குநர் என்று நினைத்துக்கொண்டார்.

ஜனவரி 28

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. மண்டபம் கொள்ளவில்லை. மந்திரி வர இருந்தார், கடைசி நேரத்தில் வேறு வேலை. தாலி கட்டும்போது சேர்மராஜுக்குக் கொஞ்சம் கை ஆடியது. காலையிலேயே கூட்டாளிகள் ஊற்றிவிட்டார்கள், வயசு அப்படி. வேல்கனி தலை நிமிரவே இல்லை. எல்லாரும் அடக்கமான பெண் என்றார்கள்.

மார்ச் 3

சேர்மராஜுக்கு இன்னும் தோதான வேலை அமையவில்லை. ஆகவே வாசலில் போர்டு மாட்டினேன்: "கொம்பையா டியூஷன் சென்டர். கணக்கு, அறிவியல்." பேருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்று பெயின்டரே போட்டுவிட்டான். அழித்தால் போர்டு அசிங்கமாகிவிடும். தெருப் பிள்ளைகள் குவிந்துவிட்டன.

வேல்கனியை வெளியே வந்து நடத்தச் சொன்னேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள். கட்டாயப்படுத்தவில்லை.

மார்ச் 19

இன்று டியூஷனில் ஒரு பெண் பிள்ளை கேட்டது: "சார், பெரிய கல்லையும் சின்னக் கல்லையும் மாடியிலருந்து ஒண்ணாப் போட்டா எது மொதல்ல கீழ விழும்?"

"பெரிய கல்லு. கனம்லா?"

"புக்குல ரெண்டும் ஒண்ணா விழும்னு போட்டிருக்கே சார்?"

"அச்சுக் கோக்குறவன் தப்புப் பண்ணிருப்பான். நம்பலன்னா உள்ள எம் மருமக இருக்கா, பிஸிக்ஸ் படிச்சவ. போயிக் கேளு."

பிள்ளை ஓடிப்போய் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "அக்கா, பெரிய கல்லும் சின்னக் கல்லும் போட்டா எது மொதல்ல விழும்?"

உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். போட்டுப் பார்ப்போம் என்று சொல்லி மாடிக்குக் கூட்டிப் போய்விடுவாளோ என்று ஒரு நொடி இருந்தது.

"மாமா என்ன சொன்னாவ?"

"பெரிய கல்லுன்னு."

"அப்ப பெரிய கல்லுதான்."

துருவுகிற சத்தம் மறுபடி தொடங்கியது. ஒருவழியாகப் பழகிவிட்டாள். அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்து, நோட்டில் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்துவிட்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டது.